புதுநன்மை நாளில் ஒரு கோன் தோசை

கூட்டேரிப்பட்டு தாண்டித் திண்டிவனம் போகிற பெரிய ரோட்டோரத்தில் அந்தச் சைவ ஓட்டல் வந்தபோது, இருதயமேரி கரும்புக் கொல்லை வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தாள். நாலு வருஷமாகிறது. சமையற்கட்டில் இல்லை, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்து, ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், கலர் பந்துகள் கொட்டிய ஒரு தொட்டி. சென்னையிலிருந்து கார்களில் வருகிறவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். விழுகிற பிள்ளையைத் தூக்குவது, பால்புட்டிக்கு வெந்நீர் வாங்கித் தருவது, கைக்குழந்தைக்கு உயர நாற்காலி கொண்டுவந்து போடுவது, சிந்தியதைத் துடைப்பது எல்லாம் மேரியின் பாடு. சண்டை போடுகிற பிள்ளைகளை அதட்டாமல் பிரித்துவிட அவளுக்குத் தெரியும். போகும்போது அழுதுகொண்டே அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள்கூட உண்டு.

அவளுடைய பிள்ளைகள் மட்டும் அந்தப் புல்லில் கால் வைத்ததில்லை. வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்று சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் ஆனந்தராஜ் சொல்லிவிட்டார்.

ஆனால் வீட்டில் கதை மட்டும் தினமும் நடந்தது. மூத்தவள் ஆரோக்கியசெல்வி விடமாட்டாள்.

"எம்மா, அந்தக் கோன் தோசை எவ்ளோ உயரம் இருக்கும்?"

"உன் தம்பி இடுப்பு ஒசரம் இருக்கும்."

"உள்ள இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. சும்மா காத்துதான்."

செல்வி சிரிப்பாள். நாலு வயதுத் தம்பி சேரனுக்கு அது தொப்பி என்றே நினைப்பு.

செல்விக்கு ஒன்பது வயதானபோது, மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுநன்மை கொடுத்தார்கள். முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுனும் தலையில் வெள்ளைப் பூவளையமுமாக அவள் நடந்து வந்தபோது, கட்டடங்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போகும் அவள் அப்பன் அலெக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு மேரி லீவு சொல்லியிருந்தாள். பூசை முடிந்ததும் எங்கே போகலாம் என்று யாரும் கேட்கவே இல்லை. நாலு பேரும் பஸ் ஏறினார்கள்.

வாசலில் ஆனந்தராஜ் நின்றிருந்தார்.

"இன்னா மேரி, லீவு கேட்டுட்டு இங்க வந்து நிக்கிற?"

"சாப்புட வந்தோம் சார். பொண்ணுக்குப் புதுநன்மை."

அவர் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். முன்பக்கம் ஏசி ஹாலில் இடம் இருந்தது. கை கழுவுகிற தொட்டியை ஒட்டின கடைசி மேஜையைக் காட்டினார். மேரி பிள்ளைகளை அங்கே உட்காரவைத்தாள். விலைப் பட்டியலைத் திறக்காமலே அவளுக்கு எல்லாம் மனப்பாடம். செல்விக்குக் கோன் தோசை, சேரனுக்கு மினி இட்லி, அலெக்ஸுக்குப் பூரி, தனக்கு ஒரு காப்பி போதும் என்றாள்.

"ஒரு நாளாவது உக்காந்து துன்னு, மேரி" என்று அலெக்ஸ் அவளுக்கும் ஒரு நெய்த்தோசை சொன்னான்.

கோன் தோசை வந்தது. மேரி சொன்ன அளவு உயரம் இல்லை. ஆனாலும் செல்வி அதன் முனையைக் கிள்ளி உள்ளே எட்டிப்பார்த்து, "காத்துதாம்மா!" என்று கத்தினாள். பாதி தின்றதும் சறுக்குமரத்துக்கு ஓடிவிட்டாள். வெள்ளை கவுனோடு அவள் ஏறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே மேரி நெய்த்தோசையைப் பிய்த்தாள். அந்த ஓட்டலில் உட்கார்ந்து அவள் வாயில் வைத்த முதல் விள்ளல் அது.

மூன்றாவது விள்ளலுக்குள் ஆனந்தராஜ் வந்துவிட்டார்.

"மேரி, ஒரு அஞ்சு நிமிஷம் வா. பந்துத் தொட்டியில ஒரு கொழந்த வாந்தி எடுத்துடுச்சு. கஸ்டமருங்க கத்துறாங்க."

"இன்னிக்கு வேலைக்கு வீரம்மாக்கா இருக்காங்களே சார்?"

"அது ஒண்டி ஆளு, அந்தப் பக்கம் மாட்டிக்கினு இருக்குது. ஜல்தி வா."

"இன்னிக்கு லீவு சார் நான்."

"லீவு குடுத்தது யாரு?"

அலெக்ஸ் தலை நிமிர்ந்தான். "சாப்ட்டுக்கினு இருக்கா இல்ல சார்?"

"உன்கிட்ட பேசல நான்" என்றார் ஆனந்தராஜ், அவன் பக்கம் திரும்பாமல்.

அலெக்ஸ் எழுந்திருக்கப் பார்த்தான். மேரி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். இந்த வேலை போனால் மறுபடி கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியும் துடைப்பானும் எடுத்துவந்து தொட்டிக்குள் இறங்கினாள். பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்தாள்.

சறுக்குமரத்தின் கீழே செல்வி நின்றிருந்தாள். ஒரு சென்னைக்காரம்மா அவள் கவுனைத் தொட்டுப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளும் செல்வியும் அதற்குள் சிநேகமாகியிருந்தார்கள்.

"ஏஞ்சல் மாதிரி இருக்கியேடா! ஸ்கூல் எங்க? அம்மா எங்க இருக்காங்க?"

மேரி கையில் ஒரு மஞ்சள் பந்தோடு நிமிர்ந்தாள். செல்வி அவளைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏசி ஹாலில் நீலச் சேலை கட்டி உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தியைக் கை காட்டினாள்.

"அதோ அங்க, ஆன்ட்டி."

மேரி குனிந்துகொண்டாள். மிச்சம் இருந்த பந்துகளையும் துடைத்தாள்.

திரும்பி வந்தபோது நெய்த்தோசை விறைத்துப் போயிருந்தது. அலெக்ஸ் பூரியைத் தொடவே இல்லை. பிள்ளைகளுக்கு என்று ஆனந்தராஜ் இரண்டு ஐஸ்கிரீம் அனுப்பியிருந்தார். சேரன் இரண்டையும் தின்றான். செல்வி வாங்கவில்லை. வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூவளையத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மேரி நடந்ததை அலெக்ஸுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மேரி, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். "கொழந்தைங்க உன்கிட்டதான ஒட்டுது" என்று ஆனந்தராஜ் மறுத்துவிட்டார். வீட்டில் செல்வி ஓட்டல் கதை கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது மேரிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கிறிஸ்மஸுக்கு விழுப்புரத்தில் துணி எடுக்கப் போனார்கள். பசி வேளையில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன பிரியாணிக் கடையைக் காட்டினான் அலெக்ஸ். செல்வி தாயின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எம்மா, இங்க உன்னை யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றாள் மேரி.

உள்ளே உயர நாற்காலியும் இல்லை, சறுக்குமரமும் இல்லை. சேரனை மடியில் வைத்துக்கொண்டு அலெக்ஸ் ஊட்டினான். ஒரு தட்டு பிரியாணியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். செல்வி ரொம்ப நாளைக்கப்புறம் கலகலவென்று பேசினாள், எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். மேரிக்கும் சிரிப்பு வந்தது.

பக்கத்து மேஜையை மேரி வயசுப் பெண் ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. தங்கள் மேஜையில் சேரன் சிந்திய சோற்றைச் செல்வி பார்த்தாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே விரலை நீட்டினாள்.

"ஏம்மா, இங்க வந்து தொடச்சுட்டுப் போ."

அந்தப் பெண் வந்து துடைத்தாள். அவள் கை எட்டுவதற்கு வசதியாக மேரி தன் தட்டைத் தூக்கிப் பிடித்தாள். துடைத்துவிட்டு அவள் போன பிறகும் தட்டைக் கீழே வைக்கவில்லை. வாயிலிருந்த சோற்றை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னா மேரி, காரமா?" என்று கேட்டு அலெக்ஸ் தண்ணீர் டம்ளரை நகர்த்தினான்.

"ஆமா" என்றாள்.