லைன் போன பிறகும் நின்ற முக்கோணம்

2004-ஆம் ஆண்டு. லெப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் ஊர் அரியலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் இரண்டு பஸ் மாறி, சிமென்ட் லாரிகளின் புழுதியைக் குடித்துக்கொண்டு வந்து சேரும்போது, முதல் மணி அடிக்கும் முன்பே உடம்பு ஓய்ந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது பாகை வரும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மழுங்கின பென்சிலும் எண் அழிந்த பாகைமானியும் வைத்து அளந்தால் எப்படி வரும்? ஒருத்திக்கு இரண்டு பாகை குறையும், இன்னொருத்திக்கு மூன்று கூடும். "நம்ம ஊரு முக்கோணம் இவ்ளோதான் மிஸ்" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருச்சியில் ஒரு பயிற்சிக்குப் போனபோது இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். திரையில் ஒரு முக்கோணம். அதன் முனையை மவுஸால் பிடித்து எந்தப் பக்கம் இழுத்தாலும் கோணங்கள் மாறும். கூட்டுத்தொகை மட்டும் அசையாது. இதைப் பிள்ளைகள் தங்கள் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டால் போதும், நான் தொண்டை வற்றக் கத்த வேண்டாம் என்று தோன்றியது.

எங்கள் பள்ளியில் இன்டர்நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டர் ஹெச்.எம். சார் அறையில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்கும். வெல்வெட் உறை போட்டிருக்கும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. வாரம் ஒரு பீரியட் எனக்குத் தாருங்கள் என்று சாரிடம் பல மாதம் நடந்தேன். கடைசியில், "ஆபீஸ்லேர்ந்து அதிகாரி வர்றாரும்மா. அவரு முன்னாடி நடத்திக் காட்டு. சரின்னுட்டாருன்னா எடுத்துக்க" என்றார்.

அதிகாரி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகளை ஹெச்.எம். அறையில் நெருக்கி நிறுத்தினேன். போன் லைனிலிருந்துதான் இன்டர்நெட் எடுக்க வேண்டும்; அது ஓடும்வரை போன் எதுவும் வராது. மோடம் கரகரவென்று இழுத்தது. "கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சிருக்குடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். நீண்ட நேரம் கழித்து முக்கோணம் வந்தது.

மவுஸ் பிடிக்க ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கை நடுங்காத பிள்ளை. முதலில் நன்றாக இழுத்தாள். பிறகு அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப்போய் வந்தது. "என்ன பாக்குற? இங்க பாரு" என்று அதட்டினேன். அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் நின்றிருந்தார். அவளுடைய அம்மா.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இவ அத்தா சவுதியிலேர்ந்து கூப்புடுற நேரம். எங்க வூட்டுல போன் இல்லீங்க, இந்த ஸ்கூல் போனுக்குத்தான் அடிப்பாங்க. லீவுன்னு வெள்ளிக்கிழமை மட்டுந்தான் கூப்புடுவாங்க. ஜும்மா தொழுவைக்குள்ள லைன் கெடைக்காட்டி, அடுத்த வாரந்தான்."

அப்பாவைத்தான் அவர்கள் அத்தா என்பார்கள். மாணவி மெதுவாகச் சொன்னாள்: "அத்தாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு போன வாரம் சொன்னாங்க மிஸ்."

காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. மவுஸ் பிடிக்கும் வாய்ப்பு வேறு யாருக்காவது போய்விடும் என்று பயந்திருக்கிறாள். ஹெச்.எம். சார் என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் பேசிக்கட்டுமேம்மா. இப்பத்தான அய்யா உக்காந்திருக்காரு." அந்த அம்மா துப்பட்டியின் நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பாதமெல்லாம் புழுதி. என் பாதம் மாதிரியே.

லைனைத் துண்டித்தேன். அத்தனை மாத நடையும் அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். இன்டர்நெட் போனால் முக்கோணமும் போய்விடும் என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ஞானம்.

போன் அடித்தது. சாரே எடுத்துக் கொடுத்தார். தாயும் மகளும் ரிசீவரில் தலையை ஒட்டி நின்றார்கள். அப்போது வேறொரு மாணவி சும்மா மவுஸைத் தொட்டாள்.

"மிஸ், இது போவல மிஸ்!"

திரையில் முக்கோணம் அப்படியே இருந்தது. இழுத்தால் நகர்ந்தது, கோணங்கள் மாறின. ஒருமுறை வந்து சேர்ந்த பக்கம் லைன் இல்லாமலும் ஓடும் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளைகள் முண்டியடித்து ஆளுக்கொரு தடவை இழுத்தார்கள். "எப்புடி இழுத்தாலும் அவ்ளோதான் வருது!" மாதக்கணக்கில் நான் சொன்னதை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

போன் பேசிவிட்டு அந்த மாணவி ஓடி வந்தாள். "அத்தாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம் மிஸ். என்னா பண்றேன்னு கேட்டாங்க. முக்கோணத்தை இழுக்குறேன்னு சொன்னேன். கிழிச்சிராதன்னாங்க."

எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் அதிகாரி எழுந்தார். பாடம் அருமை என்றார். பிறகு ஹெச்.எம். சார் பக்கம் திரும்பி, "லைன் இல்லாமலே ஓடுதே, அப்புறம் எதுக்கு சார் வாரா வாரம் இன்டர்நெட்? போன் சும்மா பிஸியா இருக்கும்" என்றார். சாரும் தலையாட்டினார். அடுத்த பாடத்துக்கு வேறு பக்கம் வேண்டும், அது லைன் இருந்தால்தான் வரும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மதியம் மறுபடி இணைத்து, அந்தப் பக்கத்தை ஒரு பிளாப்பியில் ஏற்றிப் பார்த்தேன். லைனை எடுத்துவிட்டுத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்தான் வந்தது; முக்கோணம் பிளாப்பியில் ஏறவே இல்லை. உறையைப் போட்டு மூடிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். அழக்கூடத் தெம்பு இல்லை.

அந்தப் பீரியட் எனக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அந்த அத்தாவின் போன் தவறாமல் அடித்தது. வகுப்பில் இருக்கும் எனக்குக் கேட்கும். முக்கோணத்தில் ஒரு மூலை விரிந்தால் இன்னொரு மூலை சுருங்கித்தான் ஆக வேண்டும் என்று இப்போதும் வருடா வருடம் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம், சுருங்கிய மூலையில் நின்றதற்காக நான் வருத்தப்படவில்லை என்பதைக் கொஞ்சம் களைப்போடுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.