கல்லுக்குள் இருந்தவர்

லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த ஃபிரெடி, 2006இல் தன் குவார்ட்டர்ஸ் கூடத்தில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி வைத்தார். கடலே இல்லாத ஊரில் உப்புப் பொடி கலந்து கடலை அவரே தயாரித்தார். எல்லாம் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீனுக்காக. அதன் படத்தைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். ஆனால் கடையில் வாங்கிய கடற்கற்களை அடுக்கியதோடு சரி, மூன்று மாதமாகியும் மீன் விடவில்லை.

எதிர்வீட்டுக்காரனான எனக்கே எரிச்சல் வந்தது. "கல்லப் பாக்கவா அண்ணா இவ்வளவு பெரிய தொட்டி?" என்று கேட்டேன்.

"அவசரம் நக்கோ, வேணாம் தம்பி. தண்ணி பக்குவமாகாம விட்டா மீன் செத்துடும்," என்றார்.

ஒரு ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பிய உடுப்போடு வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பழுப்புக் கல்லின் ஓட்டை ஒன்றிலிருந்து, சுண்டுவிரல் நகமளவுக்கு, ஆரஞ்சு நிற விசிறி விரிந்திருந்தது. நான் குனிந்ததும் நிழல் பட்டு உள்ளே ஓடிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். இழை இழையாக மறுபடியும் விரிந்தது.

"ஒரு வகைப் புழு தம்பி," என்று கிசுகிசுத்தார்.

"யார் விட்டது?"

"யாரும் விடல. கல்லுக்குள்ளயே உசிரோட வந்திருக்கு. மூணு மாசமா நம்மகூடதான் இருந்திருக்கு."

சர்ச் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"தண்ணிதான் பக்குவமாயிடுச்சே, இனி உங்க மஞ்சள் மீன விடலாமே?" என்றேன்.

ஃபிரெடி என்னை முறைத்தார். பிறகு எழுந்து, சுவரிலிருந்த படத்தைப் பிய்த்து எடுத்தார்.

"அது இந்த மாதிரிப் புழுவத்தான் தின்னும்," என்றார். "இவர் இருக்கிற வீட்ல அத எப்படி விடுறது?"