நொய் எனக்குத்தான்

ஆரணி மார்க்கெட் பக்கத்து அரிசிக் கடையில் போன வாரம் நொய் கேட்டேன். கடைக்காரன் ஏழுமலை என்னோடு பத்தாவது வரை படித்தவன். மூட்டைமேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"கோழிக்கா, மாட்டுக்கா?"

"எனக்கு."

இப்போது தலையைத் தூக்கினான். "இன்னாடா இது? வெளிநாட்ல சம்பாரிச்சிகினு வந்து நொய் துன்றியா? அங்க உனக்குச் சோறே போடலியா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "அங்க இத்தான் சோறு. மூடிகினு ரெண்டு கிலோ போடு" என்றேன். போட்டான். போடும்போதே அடுத்த கேள்வி வந்தது. "அங்க பிரெஞ்சுக்காரன தொரத்திட்டாங்களாமே, போன்ல பாத்தேன். வெட்டு குத்தா கீதா? பாண்டிச்சேரி மாதிரி சரக்கு சீப்பா?"

நான் வேலை பார்ப்பது செனகலில் என்று சொன்னால் அது எந்த ஸ்டேட் என்று கேட்டவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவா, ஐயோ என்று என் மனைவி செல்வியிடம் துக்கம் விசாரித்தவர்களும் உண்டு. லீவில் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எனக்கு நயமாகப் பேச வராது, எழுதவும் வராது. ஆகவே ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களும் படியுங்கள். என்னைப்போல் வெளியே போய்க் கிடப்பவர்களும் படியுங்கள். தப்பு இருந்தால் சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

நான் ரைஸ் மில் ஃபிட்டர். ஆரணி மில்களில் பதினெட்டு வருடம் மெஷினுக்கு அடியில் படுத்து எழுந்தவன். ஆறு வருடத்துக்கு முன் செனகல் ஆற்றங்கரையில் ஒரு மில்லுக்கு இந்திய மெஷின் மாட்டிக் கொடுக்கப் போனேன். மாட்டிய பிறகு ஓட்டவும் ஆள் வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊர் மில்காரனுக்குப் பெருமை ஒன்றுதான், அரிசி உடையக் கூடாது. அந்தப் பெருமையோடு முதல் வாரம் மெஷினை மயிரிழை பார்த்துச் சரிசெய்தேன். அரிசி முழுசாக, ஊசி ஊசியாக இறங்கியது. உடைந்த கொஞ்சத்தையும் சலித்துத் தீவனக் குவியலுக்குத் தள்ளினேன். மூட்டை வாங்க வந்தவர் ஆவா, ஐம்பது வயதுப் பெண்மணி, மொத்த வியாபாரி. மூட்டைக்குள் கையை விட்டார், அள்ளினார், முகத்தைச் சுளித்துக் கொட்டினார். பிறகு நேராகத் தீவனக் குவியலுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து நொய்யை அள்ளிப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். என் வேலையைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற உஸ்மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதுதான் அரிசி, இதை ஏன் இந்த ஆள் தரையில் கொட்டி வைத்திருக்கிறான்" என்றுதான் அவர் கேட்டாராம்.

உஸ்மான் எனக்குக் கீழே மெஷின் ஓட்டுகிறவன். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் பிள்ளைகள். அன்று அவன் பாலிஷ் மெஷினில் அழுத்தத்தைக் கூட்டினான். அரிசி இரண்டாக, மூன்றாக உடைந்து விழுந்தது. வேண்டுமென்றே அரிசியை உடைக்கிற மில்லை நான் கண்டதே இல்லை. "அடப்பாவி" என்று கத்திக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். அவன் என் கையை விலக்கிவிட்டு இன்னும் அரைச் சுற்று முறுக்கினான். ஆவா சிரித்த முகத்தோடு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

மதியம் அவன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனான். அங்கே தனித்தனித் தட்டு கிடையாது. ஒரே பெரிய தாம்பாளத்தில் நொய்ச் சோறு, நடுவில் மீனும் காய்களும். சுற்றி ஆறு பேர். அவரவர் முன்னால் இருக்கிற பங்கை மட்டும்தான் சாப்பிட வேண்டும். மீனை வீட்டுக்காரி பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவாள். எதிர்ப்பக்கம் கை நீட்டினால் அசிங்கம். நான் ஒரு கத்தரிக்காய்க்கு நீட்டினேன். உஸ்மான் மனைவி ஃபாத்து என் புறங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அதே கத்தரிக்காயை என் பக்கம் தள்ளினாள். அந்தச் சாப்பாட்டின்போதுதான் நொய்யின் கதையை உஸ்மான் சொன்னான். "பிரெஞ்சுக்காரன் எங்களை நிலக்கடலை போட வைத்தான். எண்ணெய் அவனுக்கு. எங்களுக்குத் தின்ன, வியட்நாம் பக்கம் அவன் பிடித்து வைத்திருந்த நாட்டிலிருந்து மில்லில் கழித்த நொய்யைக் கப்பலில் கொண்டுவந்தான். எங்கள் பெண்கள் அந்தக் கழிவிலேயே ருசி கண்டுபிடித்தார்கள். இப்போது நீ முழு அரிசி கொடுத்தால், அதில் மீன் சாறு ஏறவில்லை என்று திட்டுகிறார்கள்."

கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஒருவன் கழித்ததை இன்னொருவன் தலையில் கட்டி அதையும் வியாபாரமாக்கியிருக்கிறான். நாம் பாண்டிச்சேரி போய் மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு வருகிறோம். ஆனால் நாமும் யோக்கியம் இல்லை. இன்று அந்த நாட்டுக்கு நொய்யைக் கப்பல் கப்பலாக அனுப்புகிறவர்களில் நாமும் உண்டு. நடுவில் கொஞ்ச காலம் டெல்லி அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மறுவாரமே ஆவா மில்லுக்கு வந்து என் முன்னால் நின்றார். உன் நாட்டுக்காரர்கள் எங்கள் பானையில் கை வைத்துவிட்டார்கள் என்றார். "நானாம்மா பூட்டு போட்டேன்? டெல்லி எந்தப் பக்கம் கீதுன்னுகூட எனக்குத் தெரியாது!" என்று தமிழில் கத்தினேன். நான் மன்னிப்புக் கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார். நீ ஒருவன் என்ன செய்வாய் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வெளியுறவுக் கொள்கை என்று பேப்பரில் படிப்பீர்களே, எனக்குத் தெரிந்த வெளியுறவு இவ்வளவுதான்.

இனிமேல் எழுதுவதை நான் இதுவரை செல்வியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. தேர்தலைத் தள்ளிப் போடுகிறோம் என்று அந்த நாட்டு அரசாங்கம் சொன்ன நேரம். ஊர் கொதித்தது. வாலிபர்கள் தெருவுக்கு வந்தார்கள், டயர் எரிந்தது, போனில் நெட் நின்றது. என் வசிப்பு அட்டைக்குக் கெடு முடிய நான்கு நாள் இருந்தது. பாஸ்போர்ட்டோடு ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிற நகரத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். நான் பயந்தேன். வெளிநாட்டுக்காரன் கூட்டத்தில் மாட்டினால் செத்தான் என்று நினைத்தேன். உஸ்மானைக் கூப்பிட்டு, "நீ உள்ளூர்க்காரன், உன்னை எவன் கேப்பான், ஜல்தி போயிட்டு வா" என்றேன். ஜல்தி என்ற சொல் என்னிடமிருந்து அவனுக்கு ஒட்டிக்கொண்டது. "ஜல்தி, ஜல்தி" என்று சிரித்துக்கொண்டே என் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

நான் நினைத்தது அப்படியே தலைகீழ். அந்தக் கலவரத்தில் வெளிநாட்டுக்காரனை யாரும் தொடவில்லை. கேட்பதற்கு ஒரு தூதரகம் இருக்கிறதே. உள்ளூர்க்காரனைத்தான் போலீஸ் வண்டியில் அள்ளிப் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கூட்டத்தைக் கடந்த உஸ்மானும் அந்த வண்டியில் ஏற்றப்பட்டான். கோஷம் போட்டவன் அவன் இல்லை. ஒரு சோம்பேறி பயந்தாங்கொள்ளியின் காகிதத்தைச் சுமந்தவன். செய்தியை மூன்றாம் நாள் ஆவா கொண்டுவந்தார். நான் மில்லின் பின்பக்கம் போய் உமிக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபாத்துவிடம் போய்ச் சொன்னேன், நான்தான் அனுப்பினேன் என்று. திட்டுவாள், துரத்துவாள் என்று எதிர்பார்த்தேன். உட்கார், சாப்பாடு தயார் என்றாள். அந்த நாட்டில் யாரைப் பார்த்தாலும் வீட்டில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிக்க வேண்டும். எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று பதில் சொல்ல வேண்டும். அது மரியாதை. பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து, தெரிந்துகொண்டே, "உஸ்மான்?" என்று கேட்டாள். ஃபாத்து முகம் மாறாமல் "அங்கேதான் இருக்கிறார்" என்றாள். தாம்பாளம் வந்தது. உஸ்மான் உட்கார்கிற பக்கத்துச் சோற்றில் ஒருவர் கையும் படவில்லை. ஃபாத்து மீனைப் பிய்த்து, வழக்கம்போல அந்தப் பக்கமும் ஒரு துண்டு தள்ளினாள். சாப்பிட்டு முடித்தபின் அந்தப் பங்கைத் தனியாக மூடி வைத்தாள். அவனுடைய சின்ன மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தாம்பாளத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்து வாரம். ஒவ்வொரு மதியமும் நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், அறையில் ரொட்டி தின்றிருக்கலாம். அவன் பக்கத்துச் சோற்றுக்கு எதிரே உட்காருவதுதான் எனக்குச் சரியான தண்டனை என்று பட்டது. மில் முதலாளி வக்கீலை வைத்தார். ஆவா தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் வாசலில் போய் நின்றார். நான் எங்கே போனாலும் என் அரைகுறைப் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, மிஸ்யே, அதாவது ஐயா, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஒரு அலுவலகத்தில், அவன் என் பாஸ்போர்ட்டால் உள்ளே போனான் என்று சொல்ல முயன்றேன். என் பாஸ்போர்ட் திருடு போனதாகப் புரிந்துகொண்டு புகார் எழுதக் காகிதம் கொடுத்தார் ஒருவர். கும்பிட்டுவிட்டு ஓடி வந்தேன். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அவனைத் திருடனாக்கியிருப்பேன்.

பிறகு மேலிடத்தில் கதவு திறந்தது. தேர்தலைத் தள்ளிப் போட்டது செல்லாது என்று அந்த நாட்டுக் கோர்ட்டே சொன்னது. பிடித்தவர்களைக் கூட்டம் கூட்டமாக விடத் தொடங்கினார்கள். ஒரு வியாழக்கிழமை மதியம் நாங்கள் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். இளைத்து, தாடி வளர்ந்து, உஸ்மான். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டன. ஃபாத்து எழுந்திருக்கவில்லை. அவன் பக்கத்துச் சோற்றைக் கரண்டியால் ஒருமுறை கிளறிச் சரிசெய்தாள், அவ்வளவுதான். அவன் பிளாஸ்டிக் உறையிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"உன் அட்டை வேலை முடியவில்லை. மன்னித்துக்கொள்" என்றான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கெட்ட வார்த்தை வந்தது என்று தெரியாது. ஆரணி பஸ் ஸ்டாண்டில் கேட்டதெல்லாம் வந்தது. அவனைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், இரண்டு நாட்டு அரசாங்கத்தையும் திட்டினேன். ஒரு சொல்லும் புரியாமல் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உஸ்மான் கை கழுவி உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தான். மென்றான். நிறுத்தினான்.

"இந்த அரிசியை யார் அரைத்தது? முழுசு முழுசாக இருக்கிறதே! நான் இல்லையென்றால் மில்லைக் கெடுத்துவிடுவாயா?"

அவன் இல்லாத ஐந்து வாரமும் பாலிஷ் மெஷினை நான்தான் ஓட்டினேன். மனம் எங்கோ இருக்க, கை பழைய அளவுக்கே போயிருந்தது, உடையாத ஆரணி அளவுக்கு. அந்தத் தெருவே ஐந்து வாரமாக என் முழு அரிசியைத் தின்றிருக்கிறது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஃபாத்துதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானை மாதிரிப் போட்டிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு மூச்சு நான் அதற்கு முன் விட்டதில்லை.

தேர்தல் நடந்தது. வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள், தோற்றவர் ஜெயித்தவருக்கு வாழ்த்துச் சொன்னார். விடுதலைக்குப் பிறகும் அங்கேயே தங்கியிருந்த பிரெஞ்சுப் பட்டாளம் பிறகு முகாம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது. ஏழுமலை, கேட்டுக்கொள், வெட்டு இல்லை, குத்து இல்லை. கொடி இறக்கிக் கைகுலுக்கி அனுப்பினார்கள். நம் அரிசியை நாமே விளைவிப்போம் என்று புது அரசாங்கம் பேசுகிறது, எங்கள் மில்லுக்கு வேலை இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், விலைவாசி பேஜார்தான். ஆனால் பயமில்லாமல் தூங்குகிறேன். என் அட்டையைப் புதுப்பிக்க நானே போய் வரிசையில் நின்றேன்.

நேற்று உஸ்மான் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். தாம்பாளம். மூன்று பக்கம் காலி, ஒரு பக்கம் சோறு அப்படியே, அதன்மேல் ஒரு துண்டு மீன். என் பக்கம் அது.

ஏழுமலை கடை நொய்யில் செல்வி இன்று மதியம் மீன் போட்டுச் சோறாக்கினாள். கோழிக்கு வைப்பதை மனுசனுக்கு ஆக்க வைக்கிறீர்களே என்று புலம்பிக்கொண்டேதான் ஆக்கினாள். நன்றாகவே வந்தது. சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவனை நிறுத்தினாள்.

"இன்னாங்க, அந்தாண்ட பக்கம் அப்படியே கீது? நல்லா இல்லியா?"

தட்டைப் பார்த்தேன். என் பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கம் பாதிச் சோறு கலையாமல் இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு மீனை நானே தள்ளி வைத்திருக்கிறேன்.

"நல்லாத்தான் கீது."

"அப்ப யாருக்கு வெச்சிகீறீங்க?"

மறுபடியும் உட்கார்ந்தேன். பசி இருந்தது. கைதான் அந்தப் பக்கம் போகவில்லை.