என் மகளுக்காக நான் எழுதிய விண்ணப்பம்

என் மகளுக்கு நான் செய்த கெடுதல் ஒன்றரைப் பக்கம். பிழையில்லாத தமிழ், நேரான ஓரம், அடியில் கையொப்பம், தேதி. அலுவலகப் பிரதி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கிழித்துப் போடலாம்தான். முப்பத்து நான்கு வருடம் அரசுத் துறையில் கோப்பு பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவனுக்குக் காகிதத்தைக் கிழிக்கக் கை வருவதில்லை.

அவளுக்கு அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இடம் கிடைத்தது இரண்டாம் முயற்சியில். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு மருத்துவக் கல்லூரி, பெயர் வேண்டாம். எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய அடுக்குமாடியில். பேருந்தில் போய்வரும் தூரம்தான் என்றாலும் அவள் விடுதியில் தங்கினாள். முப்பது மணி நேரம் பணி பார்த்தவளுக்குப் பேருந்து ஏறத் தெம்பு இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வருவாள். வந்ததும் தூங்குவாள். ஒருமுறை வீடு திரும்பும் வழியில் எங்கள் நிறுத்தத்தில் இறங்காமல் ஆவடி பணிமனை வரை தூங்கிக்கொண்டே போய்விட்டாள். நானும் என் மனைவியும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறைக்கு நான்கு யூனிட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். சேருகிற அன்று எந்த யூனிட்டில் போடுகிறார்களோ, மூன்று வருடமும் அங்கேதான். இவளை இரண்டாம் யூனிட்டில் போட்டார்கள். அதன் தலைவர் முதல் வாரத்திலேயே எல்லார் முன்னாலும் சொன்னாராம்: "பொம்பளப் பிள்ளைங்க சர்ஜரிக்கு வருவீங்க. கல்யாணம் ஆனா ஏதாவது ஸ்கேன் சென்டர்ல போய் உக்காந்துப்பீங்க. உனக்கு எதுக்கும்மா நான் கத்தி குடுக்கணும்?"

சொன்னதைச் செய்தார். உடன் சேர்ந்த பையன்கள் குடல்வால், குடலிறக்கம் என்று ஒவ்வொன்றாகக் கைபழகினார்கள். என் மகள் கட்டு மாற்றினாள், ரத்தம் எடுத்தாள், வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளுக்குச் சுருக்கம் எழுதினாள். அறுவை அரங்கில் பின்னால் நின்றாள். ஒரு வருடம் முடியும்போது, தன் கையால் ஒரு குடல்வால்கூட எடுத்ததில்லை. மூன்று வருடத்தில் கை பழகாவிட்டால் பட்டம்தான் வரும், தொழில் வராது. இதை அவள் எனக்குப் புரியும்படி, மெதுவாக, ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள்.

"முதல் வருஷம்னா அப்படித்தாம்மா. நான் ஜூனியர் அசிஸ்டென்டா சேர்ந்தப்போ ஆறு மாசம் தபால் மட்டும்தான் ஒட்டினேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

வேறு கல்லூரிக்கு மாற முடியுமா என்று அவள் தானாகவே விசாரித்திருக்கிறாள். நடுவில் கல்லூரி மாற வழியில்லை. படிப்பை விட்டுவிட்டு மறுபடி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யூனிட் மாறுவது மட்டும்தான் மிச்சமிருந்த கதவு. அதற்கும் துறைத்தலைவர் மனது வைக்க வேண்டும்.

அந்தக் கதவைத் திறக்க ஒருவர் முன்வந்தார். மூன்றாம் யூனிட்டின் தலைவர், ஒரு பெண் மருத்துவர். அவசரப் பிரிவில் இவள் ஒரு கிழிந்த காலுக்குத் தையல் போடுவதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். பிறகு இவளை மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாராம்: "என் யூனிட்ல ஒரு பொண்ணு ரெண்டு மாசத்துல பிரசவ லீவுல போறா. அப்ப ஆள் பத்தலைன்னு நானே ஹெச்.ஓ.டி.கிட்ட உன்னைக் கேட்டு வாங்கிக்கறேன். என் தேவைக்காக வர்ற மாதிரி இருக்கணும், உன் புகாருக்காக இல்ல. அதுவரைக்கும் வாயைத் திறக்காத. பேப்பர்ல ஒண்ணும் வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வத்தக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். என் மனைவி அப்பளம் பொரித்துப் பொரித்துப் போட்டாள். "அப்பா, இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்" என்றாள் மகள்.

"சரிம்மா" என்றேன்.

இரண்டு மாதம் பொறுத்திருந்தால் போதும். நான் பன்னிரண்டு நாள்தான் பொறுத்தேன்.

காரணம் சொல்கிறேன், சமாதானமாக அல்ல. வாய்ச்சொல்லை நான் நம்பியதில்லை. என் பணிக்காலத்தில் மூன்று முறை, நான் கேட்ட ஊருக்கு மாறுதல் உறுதி என்று மேலதிகாரி வாயால் சொல்லி, மூன்று முறையும் அது வேறொருவனுக்குப் போனது. எழுத்தில் இல்லாதது இல்லை என்பதை அப்போது பாடமாக எடுத்துக்கொண்டேன். இது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை. ஒரு மனு எழுதி ஒரு காரியத்தை முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. மகளின் துன்பம் அதற்கு வாய்ப்பாகக் கிடைத்தது.

ஒரு காலைப்பொழுதில் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. எந்த மனுவுக்கும் பார்வையில் ஒரு முந்தைய கடிதமோ உத்தரவோ காட்ட வேண்டும். அது இல்லாத மனுவை நானே எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குக் காட்டக் கடிதம் இல்லை. அதனால் இப்படி எழுதினேன்: "மூன்றாம் யூனிட் தலைவர் அவர்கள் என் மகளிடம் வாய்மொழியாக அளித்த ஒப்புதல்." அவர் பெயரையும் சேர்த்து எழுதினேன். உள்ளே "மன உளைச்சல்" என்றும் "பாரபட்சம்" என்றும் போட்டேன். டீனுக்கு மூலம். துறைத்தலைவருக்கு ஒரு நகல். யார்மேல் குறை சொல்கிறோமோ அவருக்கும் தெரிவிப்பதே முறை என்று இரண்டாம் யூனிட் தலைவருக்கு ஒரு நகல். நன்றியுடன் மூன்றாம் யூனிட் தலைவருக்கு ஒரு நகல்.

"என்ன எழுதறீங்க காலங்காத்தால?" என்றாள் மனைவி.

"பென்ஷனுக்கு ஆயுள் சான்று" என்றேன்.

டீன் அலுவலக வாசலில் ஒரு உதவியாளர் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும். மனுவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முழுதும் படித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"சார், பொண்ணு இங்க பிஜி பண்ணுதா?"

"ஆமாம்."

"நீ வந்துகினு கீறது பொண்ணுக்குத் தெரியுமா?"

"அது உங்களுக்கு எதுக்கு? சீல் போட்டு ஒரு காப்பி குடுங்க."

"கோச்சிக்காத சார். இருவது வருசமா இதே நாற்காலில கீறேன். இந்த ரூமுக்குள்ள போற கடுதாசி இந்த ரூம்ல நிக்காது. மத்தியானம் கேன்டீன்ல வடையோட சேர்த்துப் படிப்பானுங்க. ஊட்டுக்கு எடுத்துகினு போய் பொண்ணாண்ட ஒரு தபா கேட்டுட்டு நாளைக்கு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

கடைநிலை ஊழியர் எனக்கு நடைமுறை சொல்லித் தருவதா என்று தோன்றியது. ஒளிக்காமல் எழுதுகிறேன், அப்படித்தான் தோன்றியது. "தபாலை வாங்கறதுதான் உங்க வேலை" என்றேன்.

"இன்னாவோ பண்ணு நைனா" என்று முத்திரையை அழுத்தினார். "நாலு காப்பி வேற. கல்யாணப் பத்திரிகை கணக்கா."

நான் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஒரு காபி குடித்துவிட்டு, காரியம் முடித்தவனின் நிம்மதியோடு வீடு வந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அவள் அழைத்தாள். "அப்பா, லெட்டர் குடுத்தீங்களா?" குரலில் கோபம் இல்லை. 'இல்லை' என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று காத்திருக்கும் குரல்.

"உன் நன்மைக்குத்தாம்மா" என்றேன். இணைப்பு அறுந்தது.

நடந்தது பிறகு தெரிந்தது. காலை வார்டு சுற்றும்போது, நோயாளிகளின் கட்டில்களுக்கு நடுவில், இரண்டாம் யூனிட் தலைவர் என் நகலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உரக்கப் படித்திருக்கிறார். "உங்கப்பாவுக்குத் தமிழ் பிரமாதமா வருதும்மா. மன உளைச்சலாமே! எங்க, இவங்களுக்கெல்லாம் ஒரு மன உளைச்சல் காட்டு, கத்துக்கட்டும்." பையன்கள் சிரித்திருக்கிறார்கள். என்னவென்று தெரியாமல் கட்டிலில் கிடந்த ஒரு கிழவரும் சேர்ந்து சிரித்தாராம். அதை மட்டும் அவள் இரண்டு தடவை சொன்னாள்.

மூன்றாம் யூனிட் தலைவரைத் துறைத்தலைவர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். வேறென்ன செய்வார்? இன்னொருவர் யூனிட் மாணவியை மறைவாக இழுத்தார் என்று எழுத்தில், அவர் பெயரோடு, டீன் மேசையில் கிடக்கிறது. என் மகளை அதே மாடிப்படியில் பார்த்தபோது நிற்காமல் சொன்னாராம்: "உன்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

கல்லூரியிலிருந்து பதில் கடிதம் வந்தது. யூனிட் மாறுதலுக்கு நடைமுறையில் இடமில்லை என்று இரண்டு வரி. உறையைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அதன் எண்ணையும், என் மனுவைப் பார்வையில் சரியாகக் குறித்திருக்கிறார்களா என்பதையும். அப்படிப்பட்டவன் நான்.

அடுத்த ஞாயிறு அவள் வந்து என் பிரதியைக் கேட்டாள். நின்றபடியே படித்தாள். சமையலறை வாசலில் என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பார்வைல அவங்க பேரைப் போட்டிருக்கீங்க."

"ஆதாரம் வேணுமில்லம்மா."

"ஆதாரம் இல்லாம இருந்ததாலதான்பா அது நடக்க இருந்துச்சு."

பிரதியை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன். என் மனைவிதான் பேசினாள். "ஆயுள் சான்றுன்னு சொன்னீங்களே. யாரோட ஆயுளுக்கு?" அவள் அப்படிக் குத்திப் பேசுகிறவளல்ல. முப்பத்தைந்து வருட மணவாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன்.

மகள் விட்டுவிடுகிறேன் என்றாள். மறுபடி தேர்வு எழுதுகிறேன், வேறு ஊருக்குப் போகிறேன் என்றாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "பாதியில விட்டா பொம்பளப் பிள்ளைங்களப் பத்தி அவர் சொன்னது சரின்னு ஆயிடும்மா" என்றேன். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. திரும்பிப் போனாள். இன்னும் இரண்டு வருடம் அதே யூனிட். ஆய்வேட்டில் கையெழுத்துக்காக யூனிட் தலைவரின் அறை வாசலில் நாள் கணக்கில் நிற்க வைத்தார்கள். உடன் சேர்ந்தவர்கள் இறுதித் தேர்வெழுதி ஆறு மாதம் கழித்து இவள் எழுதினாள். தேறினாள். மூன்று வருடத்தில் தன் கையால் முழுதாகச் செய்த அறுவைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்று ஒருமுறை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஐயப்பன்தாங்கலில் ஒரு சிறிய மருத்துவமனையில் பணி மருத்துவராக இருக்கிறாள். வெளியிலிருந்து அறுவை மருத்துவர்கள் காரில் வந்து, செய்துவிட்டு, போய்விடுவார்கள். முன்னும் பின்னும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது இவள். பெயர்ப் பலகையில் பட்டம் இருக்கிறது. ஒருமுறை அங்கே ஒரு மருத்துவர் வரத் தாமதமாகி, நீங்களே ஆரம்பியுங்கள் என்றார்களாம். கை கழுவிக்கொண்டு உள்ளே போனவள், அவர் வரும்வரை கத்தியை எடுக்காமல் நின்றிருக்கிறாள். இதை எனக்குச் சொன்னவள் அவள் அல்ல, அங்கே வேலை பார்க்கும் செவிலி.

நான் மன்னிப்புக் கேட்டேன். என் மனைவி இறந்த வருடம், நாங்கள் இருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. "விடுங்கப்பா" என்றாள், தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளியபடி. என் ரத்த அழுத்தத்தை அவள்தான் பார்க்கிறாள். மாத்திரை தீருமுன் வாங்கி வைக்கிறாள். அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. எதையும் சொல்வதும் இல்லை. வேலை மாறுகிறாளா, யாரையாவது பிடித்திருக்கிறதா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு காலை, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. இவள் படித்த அதே கல்லூரியில் அறுவை சிகிச்சை படிக்கும் ஒரு பெண். யாரோ இவள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். நான் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தேன். இவள் பேசியது மட்டும் கேட்டது.

"எந்த யூனிட்?... ம். அவர் இன்னும் இருக்காரா?... மாத்தி எடுத்துக்கறேன்னு யாராவது வாயால சொன்னாங்களா? சொன்னாங்கல்ல, அப்ப பொறுத்துக்க. ஒரு வரி எழுதாத... வீட்ல யார் யாரு?... அப்பா என்ன பண்றாரு?"

கொடியில் ஒரு துண்டை உதறிப் போட்டாள்.

"அப்ப அவர்கிட்ட சொல்லாதம்மா. மாறினப்புறம் சொல்லிக்கலாம். பாசம் இல்லாம இல்ல. பாசத்துலதான் போய் ஏதாவது பண்ணிடுவாங்க."

நான் கூடத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவில்லை, எனக்குக் கேட்கட்டும் என்று உயர்த்தவும் இல்லை. பிறகு அந்தப் பெண்ணிடம், இதுவரை உன் கையால் எத்தனை கேஸ் ஆயிருக்கு என்று கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு, "பரவால்ல, என்னைவிட ரெண்டு கூட" என்றாள்.