நான் ஒட்டிய மூன்று எழுத்து

பெரிய பெயராகப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பெயர் ஒட்டுவதே பிழைப்பாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட குணம். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒரே தறியில், ஒரே பாவில் நெய்து இறக்கிய இரண்டு சேலைகளை முதலாளி என் முன்னால் போடுவார். ஒன்றுக்குச் சாதாரணச் சீட்டு. இன்னொன்றுக்கு யாரோ ஒரு ராணியின் பெயர் போட்ட தங்க நிறச் சீட்டு. அந்த ராணியைப் பற்றி நெய்தவருக்கே தெரியாது. கல்யாண வீட்டார் ராணியைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். சிரிக்காமல் நிற்க நான் அங்கேதான் பழகினேன்.

பிறகு ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் கம்பெனி பஸ், நீலச் சட்டை, கையுறை எல்லாம் சரி, கொடுத்த வேலை என்ன தெரியுமா? காரின் பின்கதவில் பெயர் ஒட்டுவது.

பார்ப்பதற்கு எல்லாம் ஒரே காராகத்தான் வரிசையில் வரும். சிலவற்றின் முன்கண்ணாடியில் மட்டும் சிவப்புக் கோடு போட்ட தாள் இருக்கும். அவற்றுக்கு வழக்கமான பெயரோடு கூடுதலாக மூன்று ஆங்கில எழுத்துகளை ஒட்ட வேண்டும். பந்தய வண்டி ஞாபகம் வரட்டும் என்று சாய்த்து வார்த்த எழுத்துகள். இருக்கையில் சிவப்புத் தையல், பிரேக்கில் சிவப்புச் சாயம், பின்னால் இரண்டு புகைக்குழாய். இஞ்சின் இரண்டிலும் ஒன்றேதான் என்று இஞ்சின் பிரிவில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். விளம்பரத்திலோ அது மலைப்பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். ஓட்டுகிறவன் முகத்தை மட்டும் காட்டவே மாட்டார்கள். பார்க்கிறவன் தன் முகத்தை அங்கே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான். இதுவும் தங்கச் சீட்டுதான் என்று முடிவு கட்டினேன்.

அப்படித் தன் முகத்தை வைத்துக்கொண்டவன் என் தம்பி. ஏசி மெக்கானிக். ஊரில் அவன் ஏறாத மொட்டை மாடி கிடையாது. எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். சைக்கிள், பீரோ, டிவி என்று எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் யாரோ பயன்படுத்திக் கழித்தவை. வீட்டிலேயே முதல்முதலாகக் கார் வாங்கப் போகிறவன், அந்த மூன்று எழுத்து வண்டியைத்தான் வாங்குவேன் என்றான். போனைத் திறந்தால் அதன் படம். ஒரு தடவையாவது இருப்பதிலேயே நல்லதை வாங்க வேண்டும் அக்கா என்று அவன் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. இவனையும் ஏமாற்றப் போகிறார்களே என்று கோபமும் வந்தது.

"அதுல ஒண்ணும் இல்லப்பா. அந்த எழுத்த ஒட்றதே நான்தான். ரெண்டும் ஒரே வண்டி" என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. மனசு கேட்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்றார் விற்பனையாளர். பட்டுக்கடையில் நாங்களும் உடுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்போம். எனக்கா தெரியாது இந்தப் பேச்சு? தம்பியைச் சாவியைத் தொடவே விடவில்லை. சாதாரண மாடலைப் பதிவு செய்துவிட்டு வந்தோம். போனில் இருந்த படத்தையும் அன்றைக்கே மாற்றிவிட்டான்.

சில மாதங்கள் கழித்து, காரின் அடிப்பாகத்தைப் பூட்டும் இடத்துக்கு என்னை மாற்றினார்கள். பக்கத்தில் இரண்டு தள்ளுவண்டிகளில் ஷாக் அப்சார்பர்கள் நிற்கும். சிவப்புக் கோட்டுத் தாள் வந்தால் இரண்டாவது தள்ளுவண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றாள் எனக்கு வேலை பழக்கிய பெண். ஏன் என்று கேட்டேன். அது வேறு, கெட்டியாக இருக்கும், வளைவில் கார் சாயாது என்றாள். நான் நம்பவில்லை. பெயிண்டை மாற்றிக் கதை விடுகிறார்கள் என்று நினைத்து, இரண்டிலும் பொறித்திருந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு வேறு எண்கள். அதிலும் திருப்தி இல்லாமல் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். ஸ்டீயரிங்கைக்கூட அந்த வண்டிக்குத் தனியாகத்தான் அமைத்திருக்கிறோம் என்றார். பின்கதவருகே நின்று கண்டதை வைத்து ஒரு முழுக் காருக்கும் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

தம்பியிடம் பல வாரம் சொல்லாமல் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என்னையும் தன் மனைவியையும் புதுக் காரில் தாமல் ஏரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினான். கார் சாய்ந்தது, நான் கதவோடு போய் ஒட்டிக்கொண்டேன். நம்ம அக்கா அங்கே இருக்கப்போய்த்தான் ஏமாறாமல் தப்பித்தேன் என்று அவன் மனைவியிடம் நூறாவது தடவையாகப் பெருமையாகச் சொன்னான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இல்லப்பா. அது வேற வண்டிதான். அடியில மாட்றது வேற, ஸ்டீயரிங் வேற. தெரியாம சொல்லிட்டேன். இப்ப அத நானே மாட்டிக்கினு இருக்கேன்."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சிரித்தான்.

"உன்னயே நம்ப வெச்சிட்டாங்களாக்கா? இத்தினி நாளு பேர் ஒட்ட வெச்சாங்க, இப்ப பேசவும் சொல்லிக் குடுத்துட்டாங்களா?"

எண்களைச் சொன்னேன், சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னேன். கம்பெனிக்காரன் வேறு எப்படிச் சொல்வான் என்று கேட்டான். நான் கேட்கும் அதே கேள்வி, அதே குரல். அடுத்த வளைவு வந்தது. மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.