உப்பள முதலாளி முன்னால் உப்பு வேண்டாம் என்றேன்

இன்று பேருந்தில் பக்கத்தில் அமர்ந்த பெண், இயற்கை மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு என் முதல் கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில் நானும் அதே மருத்துவத்தைப் படித்து முடித்துத் தூத்துக்குடிக்கு வந்தேன். ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா என்று ஊரே கேலி செய்தது. விளக்கிச் சொல்ல ஒரு கூட்டம் போட்டேன். இடம் கொடுத்துத் தலைமை தாங்கியவர் ஓர் உப்பள முதலாளி.

நான் மைக்கைப் பிடித்து, "உப்பைக் குறைங்க, முடிஞ்சா விட்டுருங்க!" என்று முழங்கினேன்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏளா, எல்லாரும் உப்பை விட்டுட்டா நாங்க எங்கன போயி வேலை பாக்க?"

முதலாளி எழுந்தார். மேடையை விட்டு இறக்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"தங்கச்சி நல்லதைத்தான் சொல்லுதா. ஆனா கல்கத்தா பக்கம் போயி இதைச் சொல்லிராத தாயி. நம்ம உப்பு அங்கதான் போவுது!"

கூட்டமே சிரித்தது.

எல்லோரும் கலைந்ததும் அவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"எனக்கும் பிரஷர் இருக்கு. என்ன சாப்பிடணும்னு சொல்லு. வெளிய மட்டும் தெரியப்படாது, தொழில் கெட்டுரும்."

அப்படித்தான் எனக்கு முதல் நோயாளி கிடைத்தார்.

தூத்துக்குடி நண்பர்களே, அவர் யாரென்று கமென்ட்டில் ஊகித்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.