பதினொரு யோசனையும் ஓர் 'ஐ'யும்

போன ஞாயிறு மத்தியானம் லுசேர்ணுக்குக் கிட்ட ஒரு மைதானத்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதர் எழுந்து நின்று எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை காட்டினார்.

"ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நல்ல கடை ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பூட்டு. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சுவிஸ்காரர் ஏசினாலும், கடை திறக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் ஏசுவார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. நெஞ்சில் கவசம், முகத்தில் கம்பிக்கூடு, காலில் தகடு... ஹோட்டல் குசினியில் இருபத்தைந்து வருடம் நின்று தேய்ந்த முழங்காலை மடக்கி, பந்து பிடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஓம், நான் இப்போது பேஸ்போல் அம்பயர்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, கதைக்கு வருவோம்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் டொக்டர். போன வருடம் இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் நடக்கச் சொன்னார். நாங்கள் இருப்பது ஆராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டிலிருந்து ஆற்றங்கரையால் பத்து நிமிடம் நடந்தால் ஒரு மைதானம். அதன் ஓரத்தில் உட்கார ஒரு வாங்கு. மிச்ச ஐம்பது நிமிடத்தையும் நான் அந்த வாங்கில்தான் நடந்தேன்.

"இண்டைக்கு எவ்வளவு தூரம் நடந்தனீங்கள்?" என்று மனைவி சுகந்தி கேட்பார்.

"ஆத்தங்கரை முழுக்க."

"அப்ப ஏன் காற்சட்டைக்குப் பின்னாலை பச்சைப் பெயின்ற்?"

வாங்குக்கு அன்றைக்குத்தான் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அறிவித்தலும் ஒட்டியிருந்தார்கள். நான் அதன்மேல்தான் இருந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, அந்த மைதானத்தில் ஒன்பது பேர் ஏதோ எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேஸ்போலாம். எனக்கு அந்த விளையாட்டைத் தொப்பியாகத்தான் தெரியும். எழும்பிப் போகத்தான் பார்த்தேன். அப்போது ஒருவன் கைக்கு வந்த பந்தைக் கீழே விட்டுவிட்டு, சுத்தத் தமிழில் சொன்னான்.

"அட சனியனே."

எழும்பினவன் திரும்ப இருந்துவிட்டேன். சொந்தக்காரனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அவன் பெயர் நிரோஷன். இங்கே பிறந்தவன், இருபத்தெட்டு வயது, மெஷின் கொம்பனியில் வேலை. எட்டு வயதிலிருந்து அந்த அணியில்தான் விளையாடுகிறான். அணி இருப்பது நாட்டின் முதற்பிரிவில். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் இதை விளையாடுகிறவர்கள் மாளிகையில் இருப்பார்களாம். எங்கள் அணியில் பந்து எறிகிறவர் தபால்காரர். அவர் எறிகிறதும் தபால் மாதிரித்தான் — யாருக்குப் போகவேண்டுமோ அவருக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும். எதிரணிக்காரர் சந்தோசமாக வாங்கி, ஆற்றுப் பக்கம் அடிப்பார்.

அடுத்த ஞாயிறும் தோற்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் தோற்றார்கள். இப்படி விடாமல் தோற்கிற அணியை ஒரு தமிழன் எவ்வளவு நாளைக்குத்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்?

யோசனை சொல்வதற்கு அந்த விசயம் தெரிந்திருக்கவேண்டும் என்று எங்கள் ஆட்கள் யாரும் நினைப்பதில்லை. கோயில் நிர்வாகம் எப்படி நடக்கவேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன படிக்கவேண்டும், விசா மறுக்கப்பட்டவர் எப்படி அப்பீல் எழுதவேண்டும்... எல்லாவற்றுக்கும் எங்களிடம் யோசனை உண்டு. பேஸ்போல் மட்டும் என்ன பாவம் செய்தது?

மொத்தம் பதினொரு யோசனை எழுதினேன். ஏன் பதினொன்று? பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடினவன் நான். பதினொன்றுதான் கைக்கு வரும். முதலாவது யோசனையே அதுதான்: 'ஒன்பது பேரோடு விளையாடினால் தோற்கத்தானே செய்வீர்கள்? வராமல் நிற்கிற மற்ற இரண்டு பேரையும் கூப்பிடுங்கள்.'

மூன்றாவது, அடித்தவுடன் துடுப்பை எறிந்துவிட்டு ஓடாமல் கையோடு கொண்டு ஓடவேண்டும். ஐந்தாவது, மூக்கையும் காதையும் தொட்டுச் சைகை காட்டுவதை விட்டுவிட்டு, தமிழில் சத்தமாகச் சொல்லலாம். எதிரணிக்கு விளங்காது. (எங்கள் அணியில் மற்ற எட்டுப் பேருக்கும் விளங்காது என்பதை நான் யோசிக்கவில்லை.) ஒன்பதாவது, அணியின் பெயருக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை. நட்சத்திரத்துக்கு, அணியின் சங்கம் பதிவு செய்த திகதி தேவை.

இதெல்லாம் காகிதத்தில். வாங்கில் இருந்தபடி நேரடிச் சேவையும் நடந்தது. பந்து வானத்தில் எழும்பினால் போதும், "ஓடு தம்பி... ஓடு" என்று கத்துவேன். நிரோஷனும் ஓடுவான். தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஓர் அங்கிளின் குரல் ஓடு என்றால் கால் தானாக ஓடும். ஓடுவான், அவுட்டாவான், திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பான். நன்றி சொல்கிறான் என்று நினைத்துக் கையசைப்பேன்.

மாசி மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம் வந்தது. அதற்காகவே 'பாசிவ்' உறுப்பினராகச் சேர்ந்தேன். பாசிவ் உறுப்பினர் என்றால் சந்தாவைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியவர். முதல் பாதியைச் சரியாகச் செய்தேன்.

ரெஸ்டோரன்ட் ஒன்றின் பின்னறை. அணி முழுக்க வந்திருந்தது, நிரோஷனும்தான். தலைவர் ஊர்ஸ், கூரை வேலை செய்கிறவர், ஒவ்வொரு விசயமாக வாசித்துக்கொண்டு போனார். நான் கவனிக்கவில்லை. என் முதல் வசனத்தை ஜெர்மனில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். 'அணி' ஜெர்மனில் ஆணா, பெண்ணா, இரண்டுமில்லையா — முன்னால் டெர் வருமா, டி வருமா, டஸ் வருமா? அந்தச் சண்டை முடிவதற்குள் ஊர்ஸின் குரல் கேட்டது.

"ஃபோர்ஷ்லேகெ?"

யோசனைகள் இருக்கிறதா என்று கேட்கிறார். நான் எழும்பினேன். கையில் காகிதம்.

ஊர்ஸ் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வேர்?" என்றார்.

யார் என்று கேட்கிறார். தூரத்தில் இருக்கிற என்னைத் தெரியவில்லை போலிருக்கிறது. நெஞ்சில் கையை வைத்து, "இஹ்" என்றேன். நான்.

ஊர்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் கை தட்டினார். உடனே அறை முழுக்கக் கை தட்டியது. ஊர்ஸ் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. நான் இன்னும் ஒரு யோசனைகூட வாசிக்கவில்லையே... அதற்குள் இவ்வளவு மரியாதையா?

பஸ் நிறுத்தத்தில்தான் நிரோஷன் விளக்கினான்.

"அங்கிள், நீங்கள் உள்ளுக்கை என்ன செய்தனீங்கள் எண்டு தெரியுமோ?"

"யோசனை கேட்டவை. வாசிக்கத்தான் விடேல்லை."

"யோசனை கேக்கேல்லை. அம்பயருக்கு ஆள் கேட்டவை. ரெண்டுக்கும் 'ஃபோர்ஷ்லேகெ'தான். 'யாரைப் போடுறது' எண்டு ஊர்ஸ் கேட்டார். நீங்கள் உங்களைச் சொன்னனீங்கள்."

"அவர் 'யார்' எண்டெல்லோ கேட்டவர்?"

"சுவிஸ் ஜெர்மனிலை யாரும் வேர்தான், யாரையும் வேர்தான்."

பார்த்தீர்களா? தமிழில் ஓர் 'ஐ' இருக்கிறது. யார் வேறு, யாரை வேறு. இத்தனை மலை, இத்தனை வங்கி, இத்தனை மணிக்கூடு வைத்திருக்கிற நாட்டில் அந்த ஓர் 'ஐ' இல்லை. என் ஐம்பத்துநாலு வயது முழங்கால் அதில்தான் விழுந்தது.

"நாளைக்குப் ஃபோன் பண்ணி ஏலாது எண்டு சொல்லிவிடுறன்" என்றேன்.

நிரோஷன் பஸ் நேர அட்டவணையைப் பார்த்தான்.

"சொல்லலாம் அங்கிள். ஆனா எங்கடை பழைய அம்பயர் வெயிலுக்கு ஆசைப்பட்டுத் தெற்கை டெசினுக்குக் குடிபோயிட்டார். பங்குனி முடியிறதுக்குள்ளை புது ஆள் ஒருத்தர் பாஸ் பண்ணாட்டி எங்களை லீக்கிலை சேர்க்க மாட்டினம்."

"சேர்க்காட்டி?"

"ரீம் கலையும். இருவது வரியமா இங்கைதான் விளையாடுறன். இனி இன்னொரு ரீமிலை போய் என்னைச் சேருங்கோ எண்டு நிக்க ஏலுமோ?"

இதற்குப் பதில் யோசிக்க எனக்கு ஒரு பத்து நிமிடமாவது தேவைப்பட்டது. ஆனால் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது. இந்த நாட்டில் ஒரு மனிதன் நிம்மதியாகப் பின்வாங்கக்கூட முடியாது.

வீட்டில் சொன்னேன். சுகந்தி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி சிந்திவிட்டது.

"சொந்த வீட்டிலை ஒரு முடிவு சொல்லத் தெரியாத மனுசன். ஒன்பது பேருக்கு அவுட் குடுக்கப் போறாராம்."

"நீர் சிரிக்கிறதை விட்டிட்டு இந்த விதிப் புத்தகத்திலை கேள்வி கேளும்."

கேட்டார். ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் சமைத்தபடி கேள்வி கேட்டார். அடிக்கிறவருக்கு முன்னால் கிடக்கிற ஹோம் பிளேட்டுக்குப் பதிலாக ரொட்டிக்கல்லை நிலத்தில் வைத்துவிட்டு நான் பின்னால் குந்துவேன். குந்துவது சுகம். எழும்பத்தான் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி தேவைப்பட்டது. "ஸ்ட்ரைக்" என்று வயிற்றிலிருந்து கத்தப் பழகவேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். கத்திப் பழகினேன். மூன்றாம் நாள் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு துண்டுக் கடிதம்: 'இரண்டாம் மாடியில் வேலைநிறுத்தம் செய்கிறவர் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யவேண்டாம்.'

புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் வந்தது. அதைச் சுகந்தி இரண்டு தரம் வாசித்தார். பந்து வானத்தில் போகும்போது பேஸ் என்கிற தளத்தில் நிற்பவர் ஓடக்கூடாதாம். ஓடினால், பந்து பிடிபட்டவுடன் பழைய இடத்துக்குத் திரும்பவேண்டும். திரும்புவதற்குள் பந்து அங்கே வந்தால் அடித்தவரோடு சேர்த்து இவரும் அவுட்.

கிரிக்கெட்டில் அப்படி இல்லை. பந்து மேலே போனால் தைரியமாக ஓடலாம். பிடித்தால் அடித்தவர் மட்டும்தான் போவார்.

எனக்கு வாங்கு ஞாபகம் வந்தது. ஓடு தம்பி... ஓடு. நிரோஷன் திரும்பிப் பார்த்த பார்வைகளும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிப் போகுது?" என்றார் சுகந்தி.

"ஒண்டுமில்லை. அடுத்த கேள்வியைக் கேளும்."

நிரோஷனிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைத்துக்கொண்டேன். இனிமேல் கத்தமாட்டேன், அது போதாதா?

பரீட்சையில் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினேன். அணிக்கு லைசன்ஸ் கிடைத்தது. ஊர்ஸ் வீட்டுக்கே வந்து நெஞ்சுக்கவசத்தைத் தந்தார். பழைய அம்பயர் மெல்லியவர் போலிருக்கிறது. என் வயிற்றில் பாதி இன்னும் கவசத்துக்கு வெளியேதான்.

பிறகு லீக்கிலிருந்து போட்டி அட்டவணை வந்தது. என் முதல் மட்ச் வேறு ஊரில். இரண்டாவது இன்னோர் ஊரில். கடைசி ஞாயிறு வரைக்கும் பார்த்தேன். எங்கள் மைதானம் ஓர் இடத்திலும் இல்லை. ஊர்ஸுக்குப் ஃபோன் எடுத்தேன்.

"சொந்த அணிக்கு அம்பயராக நிற்க முடியாதே" என்றார் அவர். "நடுநிலை."

"அப்போ பார்க்கவாவது வரலாமா?"

"எல்லா மட்சும் ஞாயிறு ஒரு மணிக்குத்தான். அந்த நேரம் நீங்கள் வேறு எங்காவது நிற்பீர்களே."

அதாவது, அணியைக் காப்பாற்றியாயிற்று. இனி அதைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யார் யாரோ அணிகளுக்குப் பின்னால் குந்தியிருந்து, கண்ணாடிக்கடை முகவரிகளைச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கு சும்மா கிடக்கிறது. சீனி குறைந்திருக்கிறது என்று டொக்டருக்கு மட்டும் சந்தோசம்.

முதல் மட்ச் முடிந்து ரயிலில் வரும்போது நிரோஷனின் வாட்ஸ்அப் வந்தது. 'வெண்டிட்டம் அங்கிள்.' அடுத்த கிழமையும் அதே செய்தி. போன ஞாயிறு லுசேர்ணில் ரயில் ஏறும்போது மூன்றாவது. போன வருடம் முழுக்கத் தோற்ற அணி. அதே தபால்காரர், அதே ஒன்பது பேர். மனம் கேட்கவில்லை, ஃபோன் எடுத்தேன்.

"எப்பிடியடா தம்பி? புதுசா என்ன செய்யிறியள்?"

"புதுசா ஒண்டுமில்லை அங்கிள்."

"சும்மா சொல்லு. என்ரை காகிதத்தை ஊர்ஸ் வாசிச்சவரோ?"

"இல்லை." கொஞ்சம் இழுத்தான். "அங்கிள், கோவியாதேங்கோ... இப்ப நான் பந்தைப் பாத்து ஓடுறன்."

பின்னால் பெடியள் பாடிக் கூத்தடிக்கிற சத்தம் கேட்டது. கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ரயில் ஜன்னலில் என் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப நான் எல்லாம் பிழையாக் கத்தினது உனக்கு முந்தியே தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"பெரிய ஆக்களிட்டை எப்பிடி அங்கிள் வாயை மூடுங்கோ எண்டு சொல்லுறது?"

அணியைத் திருத்த என்னிடம் பதினொரு யோசனை இருந்தது. அணியிடம் ஒன்றுதான் இருந்திருக்கிறது: என்னை அந்த வாங்கிலிருந்து எழுப்புவது. அது ஒன்றே போதுமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பின்னால் முதலில் கை தட்டினது யார் என்று அவனிடமே கேட்டேன்... ரயில் சுரங்கத்துக்குள் போகிறது, கேட்கவில்லை என்றான். ரயிலில் இருந்தது நான்.